பத்துக்கு எத்தனை

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "பரவாயில்லை" என்பாய். மூன்று வருடமாகப் போனில் அந்த ஒரே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பார்த்த மூன்று டாக்டர்களின் சீட்டுகளையும் மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். முதலாமவர் வயது என்கிறார். அடுத்தவர் மெத்தை என்கிறார். மூன்றாமவர் இடுப்புக்கு மேலே நரம்பு போகும் வழி குறுகியிருக்கிறது என்கிறார். ஸ்கேனிலும் அது தெரிகிறது. ஆனால் உன் வயதில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது தெரியும்; அவர்களில் பலருக்கு வலியே இருப்பதில்லை. ஆக, வலி எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இந்தப் பதில் போதாது.

முதுகெலும்பு மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். உன் ஊருக்குப் பக்கம்தான். முதல் மாதம் புது மாத்திரை, அடுத்த மாதம் மாத்திரையை விட்டுவிட்டுப் பயிற்சி. இரண்டிலும் பலன் இல்லையென்றால் ஆபரேஷன் என்கிறார். எலும்பில் திருகாணி போட்டுக் கம்பியால் இணைப்பார்களாம். விளையாட்டுக் காரியம் இல்லை. அதனால் கவனமாக முடிவெடுக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தினமும் முதுகுக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் போட்டு வை. அவ்வப்போது எனக்கு அனுப்பு. நான் வரைபடமாக்கி டாக்டருக்கு அனுப்பிவிடுகிறேன். யார் வந்தார், யார் என்ன சொன்னார் என்ற கதையெல்லாம் வேண்டாம். எண் போதும்.

உன் மகள்

*

பிப்ரவரி 26

கணக்குப் பேராசிரியை அம்மாளுக்கு உன்னைப் பெற்றவள் எழுதுவது,

கடிதம் வந்தது. மகள் கைப்பட எழுதியிருக்கிறாளே என்று ஆசையாகப் பிரித்தேன். பரீட்சைத் தாள் போல இருந்தது. போகட்டும், எழுதினாயே.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. இஸ்திரி மேசையை உயர்த்தி வைத்து, நின்றுகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

நீ கேட்ட எண்களைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எல்லாம் இரண்டும் மூன்றும்தான். ஒரு நாள் ஒன்று. மார்க் போடுவது எனக்குப் புதிதா? பாட்டில் தொழிற்சாலையில் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் கீறல் பார்த்தவள் நான். மேனேஜரின் மச்சினன் ஊதிய பாட்டிலுக்கும் மூன்றுக்கு மேல் போட்டதில்லை. என் முதுகுக்கு மட்டும் சலுகை காட்டுவேனா?

கதை வேண்டாம் என்றாய். ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முந்தாநாள் குளியலறையில் சோப்பு கை நழுவிக் கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. அது என்னைப் பார்க்க, நான் அதைப் பார்க்க, கடைசியில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சோப்பு இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அந்த மாத்திரை என்னைத் தூங்கு மூஞ்சியாக்கிவிட்டது. கீழே மருந்துக்கடைக்காரர் கேட்டார், "என்னக்கா, மாத்திரை சாப்பிட்டா வலி தெரியலதானே?" "வலி நல்லாத் தெரியுதுப்பா, மத்த எதுவும்தான் தெரியல" என்றேன். சிரிக்கிறார். சிரிப்பதற்கா சொன்னேன்?

வேளைக்குச் சாப்பிடு. போன முறை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

அம்மா

*

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

எண்கள் கிடைத்தன. நன்றி. ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டு, மூன்று, ஒன்று. மாத்திரை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது. டாக்டருக்கும் திருப்தி.

சோப்புக் கதைக்கும் நீ போட்ட எண்ணுக்கும் பொருத்தமே இல்லை, அம்மா. உனக்குச் சொல்லும் விதம் அப்படி, எதையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லித்தான் பழக்கம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் நான் நம்ப முடியும். எண்ணை நம்புகிறேன்.

தூக்கம் வருவது மாத்திரையை விட்டதும் சரியாகிவிடுமாம். திட்டப்படி அடுத்த வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பயிற்சியைத் தொடங்கு. பயிற்சி தரும் பெண் வீட்டுக்கே வருவாள். அவளோடு வாயாடாமல் சொன்னதைச் செய். எண் மறக்காதே.

உன் மகள்

*

ஏப்ரல் 1

அன்பு மகளுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம்தான். சோப்பைக்கூட நான் ஏற்றிச் சொல்கிறேன் என்றால் உன்னிடம் என்ன பேசுவது? ஆனால் இன்று சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

பயிற்சிக்காரப் பெண் வருகிறாள். நான் வைத்த பெயர் சர்க்கஸ்காரி. அவளுக்கே தெரியும். முதல் நாள் தரையில் படுக்க வைத்து, "அம்மா, இடுப்ப மெதுவாத் தூக்குங்க" என்றாள். "தூக்குற இடுப்பு இருந்தா உன்ன எதுக்குடி கூப்பிடுறேன்?" என்றேன். "சரி, தூக்க வேணாம். தூக்குறதா நெனச்சுக்குங்க" என்றாள். நினைத்தேன். பத்து நாளில் நினைத்த இடுப்பு நிஜமாகவே ஒரு விரல்கடை எழும்பியது.

இப்போது சாயங்காலம் தெருக்கோடி வரை போய் வருகிறேன். நேற்று தபால் நிலையம் தாண்டிப் பூங்கா வரை போய்விட்டேன். காலில் வழக்கமாக இழுக்கும் அந்த மின்சாரம் இல்லை. பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். உட்கார்ந்தேன் என்பதைக் கவனித்தாயா?

எண்கள் பின்பக்கம். நான்கு, ஐந்து என்று தொடங்கிக் கடைசி வாரம் எட்டு. நீயே பார்த்துக்கொள். இப்போதாவது உன் கணக்கும் என் கதையும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். நீலம். உன் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

அம்மா

*

ஏப்ரல் 7

அன்புள்ள அம்மாவுக்கு,

பயிற்சியை இன்றே நிறுத்திவிடு. அந்தப் பெண்ணிடம் நானே பேசிவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பயந்து நீ எழுதுகிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. பூங்கா, பெஞ்சு, விரல்கடை இடுப்பு, எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில் நீயே எட்டு போட்டிருக்கிறாய். எண் போடும்போது மட்டும் உனக்குப் பொய் வராது. அது உன் தொழில் புத்தி. அதற்காகத்தான் எண் கேட்டேன்.

வரைபடத்தை டாக்டருக்கு அனுப்பினேன். இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார். மே 4 அன்று ஆபரேஷன். அதுவரை பழைய மாத்திரையே சாப்பிடு. வரும் செவ்வாய் அவரை நேரில் போய்ப் பார். ஆபரேஷன் முடிந்ததும் மூன்று மாதம் என்னோடு இரு. லிஃப்ட் இருக்கிறது. வீட்டை என்ன செய்வது என்று அப்புறம் பேசலாம்.

கடுமையாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். அப்பாவுக்கு வயிற்றில் வலி வந்தபோதும் நீ போனில் "பரவாயில்லை" என்றுதான் சொன்னாய். நானும் நம்பினேன். நான் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. இன்னொரு முறை அப்படி நம்ப என்னால் முடியாது.

உன் மகள்

*

ஏப்ரல் 15

மகளுக்கு,

நீ சொன்னபடி செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்த்தேன். நல்ல குளிர் அறை. நான் கதவைத் திறந்ததிலிருந்து உட்காரும் வரை அவர் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய படம் அதில் இருந்தது.

"உங்க பொண்ணு ரொம்பத் தெளிவா அனுப்பியிருக்காங்கம்மா. பாருங்க, கோடு எப்படி மேல மேல போகுது" என்றார்.

எனக்கே பெருமையாக இருந்தது. "ஆமா டாக்டர். நானே எதிர்பார்க்கல" என்றேன்.

"அப்ப இனிமே யோசிக்க வேணாம்ல?"

"நீங்க சொன்னாச் சரி" என்றேன்.

வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். இவ்வளவு தேறிய பிறகு எதற்கு வெட்டுகிறார்கள்? உடம்பில் தெம்பு வந்தால்தான் கத்தி வைக்க முடியும் போலிருக்கிறது, அதற்காகத்தான் என்னை இத்தனை நாள் தேற்றினார்கள் போலிருக்கிறது என்று நானாகச் சமாதானம் செய்துகொண்டேன். படித்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறீர்கள். நான் எதைக் கண்டேன்?

சர்க்கஸ்காரி வருவதில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். எண் இரண்டு. தபால் நிலையம் வரைகூடப் போக முடியவில்லை. இந்தக் கடிதத்தை மருந்துக்கடைக்காரரிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

முதுகை நிமிர்த்தப் போகிறாயா, வீட்டைக் காலி செய்யப் போகிறாயா என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடு.

அம்மா

*

ஏப்ரல் 20

அம்மா,

உன் கேலி புரிகிறது. வரைபடத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டாயாம். டாக்டரிடமும் இப்படித்தான் பேசினாயா? அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

மாத்திரைக்குத் திரும்பியதும் எண் இரண்டுக்கு வந்துவிட்டதே, அதைப் பார்த்தாயா? வீம்புக்குக் கடிதத்தில் என்ன எழுதினாலும் உன் எண் எனக்குச் சாதகமாகத்தான் பேசுகிறது. ஆனாலும் ஆயுள் முழுக்க மாத்திரையிலேயே உன்னை வைத்திருக்க முடியாது. அதற்காகத்தான் ஆபரேஷன்.

வீட்டைப் பற்றி இப்போது எந்த முடிவும் இல்லை. நான் இரண்டாம் தேதி மாலை வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு வேண்டியவற்றை ஒரு பையில் எடுத்து வை. முன்பக்கம் திறக்கும் இரவுடை இரண்டு போதும்.

மகள்

*

ஏப்ரல் 24

நீ கேலி என்று எழுதியதை நான்கு முறை படித்தேன். நின்று எழுத முடியவில்லை. படுத்துக்கொண்டு, அட்டையை நெஞ்சில் வைத்து எழுதுகிறேன்.

எதுடி கேலி? நான் சொன்னதில் ஒரு சொல் கேலி இல்லை. இரண்டு போட்டேன். குளியலறையில் சோப்பை எடுக்க முடியாமல் நின்ற வாரம் போட்ட இரண்டு அது. நீ "மாத்திரை நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதினாய். பெற்ற மகளுக்கு மனசு கல்லாகிவிட்டது என்று நினைத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிறகு எட்டு போட்டேன். எட்டு! தொழிற்சாலையில் இருந்த காலம் பூராவும் எட்டு வாங்கிய பாட்டிலை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கீறல் இல்லை, குமிழி இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், அதற்குத்தான் எட்டு. நான் மகிழ்ச்சியில் போட்ட எட்டைப் பார்த்து நீ பயிற்சியை நிறுத்தச் சொல்கிறாய். கத்தியைத் தீட்டச் சொல்கிறாய். இரண்டுக்குத் திரும்பியதும் பார்த்தாயா என்று என்னையே கேட்கிறாய்.

நீ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்? எந்த ஊரில் பத்துக்கு இரண்டு எடுத்தவன் தேறியவன்?

அப்பாவை இழுத்துவிட்டாய். அதற்கும் சொல்லிவிடுகிறேன். உன் ஆராய்ச்சி முடிய ஒரு மாதம் இருந்தது. "அவகிட்ட பரவாயில்லன்னே சொல்லு. பாதில விட்டுட்டு ஓடி வந்துடப் போறா" என்று படுக்கையிலிருந்து சொன்னவர் அவர்தான். அந்த மனிதர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். போனை வைத்த பிறகு ஒவ்வொரு முறையும் அடுக்களைக்குள் போய் நின்றேன். அதற்கும் பத்துக்கு எத்தனை என்று வேண்டுமா?

பை எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்க மாட்டேன்.

*

ஏப்ரல் 27

அம்மா,

கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். நீ கதவைத் திறந்து பேசினாய், நன்றாக இருக்கிறாய் என்றார்.

ஆபரேஷன் ரத்து. டாக்டரிடம் நானே சொன்னேன். வரைபடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்றேன். "நான் அவங்களையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

பத்து என்றால் தாங்க முடியாத வலி, பூஜ்யம் என்றால் வலியே இல்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் கேட்பார்கள். அதை உனக்கு ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே, எண்ணைத் தொடுவதற்கு முன்னால் அது எதன் எண் என்று கேள் என்பதுதான். நீயும் கேட்டிருக்கலாம். இல்லை, அது நியாயம் இல்லை.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் பேசினேன். திங்கட்கிழமை முதல் வருவாள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதே, டாக்டர் சொல்லும்படி குறைத்துக்கொண்டே வா.

அப்பா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது.

மகள்

*

மே 19

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. "பரவாயில்லை" என்ற வார்த்தையைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அதற்காக நான் காத்திருப்பேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். எந்தத் தாளை எடுத்தாலும் மேலே மார்க் போட்டு வட்டமிடும்போது பேனா ஒரு கணம் நிற்கிறது. அப்பா கடைசியில் என்ன பேசினார் என்று நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. கேட்டால் அழ வேண்டியிருக்கும் என்று கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நம் வீட்டில் யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ஒரு சட்டம் மாதிரி.

கல்லூரி விடுமுறை ஜூன் முதல் வாரம் தொடங்குகிறது. வரலாம் என்று இருக்கிறேன். நீ எவ்வளவு தூரம் நடக்கிறாய், எப்போது கால் இழுக்கிறது, படுக்கும்போதா எழும்போதா என்றெல்லாம் கூடவே இருந்து பார்த்தால் டாக்டருக்குச் சரியாகச் சொல்ல முடியும். இந்த முறை நானே கவனித்துக் குறித்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

வரட்டுமா?

உன் மகள்

*

மே 28

அன்பு மகளுக்கு,

உடனே எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. சில காரியங்களை நானே முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

டாக்டரிடம் போனேன். தனியாக. உள்ளே போனதும், "பொண்ணு வரலையாம்மா?" என்றார். "அவளுக்கு முதுகு நல்லா இருக்கு டாக்டர். எனக்குத்தான் வலி" என்றேன். அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்துவிட்டார். காலை எழுந்ததும் எங்கே பிடிக்கிறது, நடந்தால் எப்படி விடுகிறது, சாய்ந்து நின்றால் ஏன் சுகமாக இருக்கிறது, எல்லாம் சொன்னேன். சோப்பையும் சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி சொல்லி முடித்தேன். கால்விரலை அழுத்தினார், முட்டியில் தட்டினார், குதிகாலில் நடக்கச் சொன்னார்.

"வழி குறுகியிருக்கறது உண்மைம்மா. வலி அதனாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நடக்க முடியுதில்ல, இப்பக் கத்தி வேணாம். கால் செத்துப்போன மாதிரி ஆனாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியலன்னாலோ அன்னிக்கே ஓடி வாங்க."

இதுதான் பதில். உனக்குப் போதாது என்று தெரியும். எனக்குப் போதும். எழுபத்திரண்டு வயதில் எதனால் என்று தெரியாமல் எத்தனையோ இருக்கிறது, இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நடுவில் விட்ட பயிற்சியைப் பிடிப்பது லேசாக இல்லை. முதலில் எழும்பிய அளவுக்கு இடுப்பு இன்னும் எழும்பவில்லை. சர்க்கஸ்காரி திட்டுகிறாள். திட்டட்டும். நான் உன்னைத் திட்டவில்லை, திட்டி முடித்தாயிற்று.

அப்பா கடைசியில் என்ன பேசினார் என்று எழுதியிருந்தாய். இதைக் கடிதத்தில் எழுத எனக்கு வராது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பெற்ற வீட்டுக்கு வர இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. முதுகைப் பார்க்க வருவதானால் வேண்டாம். அதைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், சர்க்கஸ்காரி இருக்கிறாள், நான் இருக்கிறேன். இனிமேல் அதைப் பற்றி உனக்கு எழுதவும் மாட்டேன், நீ கேட்கவும் வேண்டாம். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். என்னைப் பார்க்க வருவதானால் வா. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு.

சாயங்காலம் வந்து சேர்ந்தால் வீடு பூட்டியிருக்கும், பயப்படாதே. நடக்கப் போயிருப்பேன். சாவி எதிர்வீட்டில் இருக்கும். வாங்கித் திறந்து, கைகால் கழுவிக்கொண்டு, டீ போட்டு வை. எனக்கும் சேர்த்து.

அம்மா